காதுகுத்துக்கு வாங்கிய குண்டு லென்ஸ்

என் பெயரில் வழங்கிவரும் மிகச் சிறந்த உருவப்படம் ஓர் ஆட்டினுடையது. (அதையும் நான் எடுக்கவில்லை என்பது தனிக்கதை. அந்தத் தனிக்கதைதான் இது.)

செல்லூரில் என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு நீங்கள் போக நேர்ந்தால், கூடத்துச் சுவரில் அதைப் பார்க்கலாம். கருங்கிடா. நெற்றியில் மஞ்சள், கழுத்தில் வேப்பிலை மாலை. இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கண்ணின் ஈரத்துக்குள் ஒரு வானமும் அதில் ஒரு கிளையும் தெரியும். அப்படியொரு துல்லியம். அந்த ஆட்டுக்கு முன்னால் மஞ்சளும் சிவப்புமாகச் சில மேகங்கள் கரைந்து கிடக்கும். அவற்றில் ஒரு மேகம் என் தங்கை. ஒரு மேகம் அவள் மகள். நடுவில் பழுப்பாக, வாயைப் பிளந்துகொண்டு மிதக்கும் மேகம், நான்.

எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பித்து பிடிக்கும். கோச்சடையில் எங்கள் மாடியில் தேனீ வளர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் உலகத்தை இடது கண்ணால் மட்டும் பார்த்தார். புல்லாங்குழல் கற்றேன்; தெருநாய்கள் தெருவை மாற்றிக்கொண்டன. அதற்கடுத்துத்தான் கேமரா. பழைய கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டியதும் வைகைப் பாலம், அதன் கீழே துணி காயும் மணல், மணலில் அசைபோடும் எருமை எல்லாமே எனக்காகக் காத்திருந்ததுபோலத் தெரிந்தன. எருமை மட்டும் அப்படி நினைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் குயிலியின் காதுகுத்து வந்தது.

குயிலி என் தங்கை தேன்மொழியின் மகள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். தேனுவின் மாமியாரை நான் அத்தை என்பேன். செல்லூரில் எட்டு விசைத்தறிகளைத் தனியாளாகக் கட்டி மேய்ப்பவர். தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருமுனைக் கடைக்காரர் உப்பை எடுத்துவைக்கும் அளவுக்குக் குரல். அப்பேர்ப்பட்டவர், ஆஸ்பத்திரியில் குயிலியைத் துணியில் சுற்றிக் காட்டியபோது வாயைத் திறக்காமல் ஒரே ஒரு "ம்" சொன்னார். அவ்வளவுதான். அந்த "ம்"மைத் தேனு மூன்று வருடமாக மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

அத்தை வீட்டுக் கூடத்தில் வரிசையாகக் காதுகுத்துப் படங்கள் மாட்டியிருக்கும். மூத்த மகன், இளைய மகன், மூத்தவர் வழிப் பேரன்கள் மூவர். அத்தனையும் பையன்கள். அந்த வரிசையின் கடைசியில் ஓர் ஆணி சும்மா இருந்தது. தேனுவுக்கு வேண்டியது அந்த ஆணிதான்.

"அண்ணே, எனக்கு ஒன்னும் வேணாம். அந்த ஆணில எம்மக மூஞ்சி பளிச்சுன்னு தொங்கணும். அவுக தெனமும் அதப் பாத்துத்தான் தறிக்குப் போகணும். ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லிட்டேன்."

"ஸ்டூடியோவா? கேன்சல் பண்ணு. நான் இருக்கேன்ல."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் தேனீக்கள் பறந்தன.

"அண்ணே, இதுல வெளையாண்டுறாத."

"வெளையாட்டா? உம்மகளுக்குன்னே ஒரு லென்ஸ் வாங்கப் போறேன்டி."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப விழுங்க முடிந்தால், என் பாதி மானம் மிஞ்சியிருக்கும்.

உருவப்படத்துக்கு உகந்தவை, தூரத்தைக் கிட்டே இழுக்கும் பழைய லென்ஸ்கள் என்று எங்கெங்கோ படித்துவைத்திருந்தேன். அதிலும் 'வேகமான' லென்ஸ் வேண்டுமாம். வேகம் என்றால் ஓடாது. வாய் பெரிது, ஒளியை மடக்கு மடக்கென்று குடிக்கும், அவ்வளவுதான். அப்படிக் குடிக்கும் லென்ஸ் முகத்தை மட்டும் கூராக வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் உலகத்தை வெண்ணெயாக உருக்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி, சாம்பார் வாளி, சொந்தக்காரர்கள் எல்லாம் உருகிப்போவார்கள். (உண்மையைச் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் உருகுவார்கள் என்ற வரியில்தான் நான் விழுந்தேன்.)

வண்டியூர் தெப்பக்குளத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் பழைய லென்ஸ்களை வாங்கித் துடைத்து விற்பவர். மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை படராமல் இருக்க, ஒரு மரப்பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு அவற்றை அடைகாப்பார். பெட்டியைத் திறந்ததும் மஞ்சள் வெளிச்சத்தில் மூன்று லென்ஸ்கள், இப்போதுதான் முட்டையிலிருந்து வந்தவைபோல என்னைப் பார்த்தன.

முதலாவது எண்பத்தைந்து மில்லிமீட்டர் (எண் கூடக் கூடத் தூரம் கிட்டே வரும்). சின்னது, சாயம் போனது, நம் வீட்டு ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி அடக்கமானது. இரண்டாவது நூற்றைந்து. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளைகளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? மூன்றாவது நூற்று முப்பத்தைந்து. அது லென்ஸ் இல்லை, குட்டி அம்மிக்கல். முன் கண்ணாடி ஊதா கலந்த பச்சையில் மின்னியது, மயில் கழுத்தைத் திருப்பியதுபோல. அதைக் கையில் வாங்கியபோது என் மணிக்கட்டு ஒருமுறை தாழ்ந்து வணங்கியது.

"எதுக்கு சார் வேணும்?" என்றார் பாய்.

"தங்கச்சி மக காதுகுத்து."

"மாஷா அல்லா. அப்ப நீங்க தாய்மாமனா?"

"ஆமா."

பாய் என்னையும் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

கேள்வியின் ஆழம் என்னைச் சிலிர்க்கவைத்தது. ஜெராக்ஸ் கடைக்குள் இப்படியொரு கலைஞனா! தெப்பக்குளத்து மைய மண்டபத்தை நோக்கி, கண்களைச் சற்றே சுருக்கிக்கொண்டு சொன்னேன்:

"வெளிச்சம் எங்க நிக்கச் சொல்லுதோ, அங்க."

"அதில்ல சார், இந்தப் பெருசு அஞ்சடிக்குக் கிட்ட வந்தா ஃபோகஸ் ஆகாது. எண்பத்தஞ்சுன்னா மூணடிக்குள்ளயே புடிக்கும். அதான் கேட்டேன்" என்றார் பாய்.

"குழந்தை முகத்துல போயி யாராச்சும் லென்ஸ இடிப்பாங்களா பாய்? தூரமா நின்னு எடுக்குறதுதானே அழகு."

மூன்றையும் எடுத்துக்கொண்டு குளத்தின் கைப்பிடிச் சுவருக்குப் போனோம். அந்த வருடம் குளம் நிறையத் தண்ணீர். சுவரோரம் மாங்காய்க் கீற்று விற்றுக்கொண்டிருந்த அக்காவைப் படமெடுக்கலாமா என்று கேட்டேன். மிளகாய்ப்பொடிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எண்பத்தைந்தில் அக்காவும் இருந்தார், மாங்காயும் இருந்தது, மண்டபமும் இருந்தது. நூற்றைந்தில் அக்கா கொஞ்சம் அழகானார். நூற்று முப்பத்தைந்தில், அடடா! அக்காவின் மூக்குத்திக்குக் கீழே ஒரு வியர்வைத்துளி, அது மட்டும் நிலா மாதிரி நின்றது. மண்டபம் இல்லை. குளம் இல்லை. தண்ணீரில் துள்ளிய வெயிலெல்லாம் வட்ட வட்டமாக, பொன் அப்பளங்களாக, காற்றில் நிறைந்து நின்றது.

அக்கா எட்டிப் பார்த்தார். "எல்லாத்துலயும் என் மாங்கா இருந்துச்சு. இந்தக் கடைசில மாங்காயக் காணமே! அம்புட்டையும் அழிச்சிருச்சே இந்தக் கொழாய்!"

"அதுதான்க்கா கலை."

"என்ன கலையோ. யாவாரத்துக்கு ஆகாது."

பாய் அம்மிக்கல்லை வாங்கி, பூஞ்சை இருக்கிறதா என்று கையை நீட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடிக்குள் மைய மண்டபம் விரலளவில், தலைகீழாகத் தொங்கியது. குட்டி வானம் கீழே, குட்டித் தண்ணீர் மேலே. "சுத்தமா இருக்கு சார். ஆனா நா சொல்றத சொல்லிட்டேன்" என்றார். நான் அந்தத் தலைகீழ் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். (விலையைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. இதைக் கலாவும் படிப்பாள்.)

கலா என் மனைவி. அம்மிக்கல்லைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, இதுல காபி எறங்குமா?"

காதுகுத்து, சோழவந்தான் போகிற பாதையில் வாய்க்காலை ஒட்டி இருக்கும், தேனுவின் புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலில். காலை ஒன்பது மணிக்கெல்லாம் தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு இறங்கியது. இருபத்தொரு தட்டு. நான் மாலையும் பரிவட்டமுமாக முன்னால் நடந்தேன். மாலைக்கு மேலே அம்மிக்கல் தொங்கியது. போகிற வழியெல்லாம் வேப்பமரத்து நிழல்களையும் வெயில் இறங்கும் கோணங்களையும் அளந்துகொண்டே போனேன். நடு வேப்பமரத்தடியில் பால் வடித்ததுபோல ஒரு வெளிச்சம். அங்கேதான் குழந்தை. இங்கே, பன்னிரண்டு அடி தள்ளி, நான். எல்லாம் முடிவாயிற்று.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதை இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் கூசுகிறது. சீர்த்தட்டு ஒன்றிலிருந்த வாழைப்பழத்தை இறக்கிவிட்டு, தட்டைக் கையிலேந்திக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே அறிவித்தேன்.

"எல்லாரும் அவுங்கவுங்க செல்ல இந்தத் தட்டுல வச்சிருங்க. ஆளாளுக்குக் கைய நீட்டுனா படம் கெட்டுப்போகும். நான் எடுத்து எல்லாருக்கும் அனுப்புறேன்."

தாய்மாமனுக்கு ஒருநாள் ராஜாங்கம். மறுக்க முடியாமல் நாற்பது பேர் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்கள். வெற்றிலைக்கு மேலே கைபேசிகள் குவிந்தன. தேனுவின் கணவர் பாண்டி மாப்பிள்ளைகூட, "மச்சான், ரொம்ப ஓவராப் போறீக" என்றபடி வைத்தார். அத்தை மட்டும் இடுப்பில் செருகியிருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எந் தறிக்காரன் கூப்புடுவான். தர மாட்டேன் தம்பி."

விட்டுவிட்டேன். அந்த ஒரு பெருந்தன்மையை எனக்குள் யார் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. பத்து மணிக்கு ஆசாரி மனைப்பலகை ஒன்றைப் போட்டுவிட்டு, ஊசியும் தங்கக் கம்பியுமாக அதற்கு எதிரே உட்கார்ந்தார். நான் பன்னிரண்டு அடி தள்ளி, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, வெறும் மனையின்மேல் வளையத்தைத் திருகித் திருகிக் குறிவைத்துக்கொண்டிருந்தேன். மனை அற்புதமாக இருந்தது. ஒளி அற்புதமாக இருந்தது. குழந்தையைத்தான் காணோம்.

"மாமன் எங்கப்பா?" என்றார் ஆசாரி.

"இங்கதான் இருக்கேன். நீங்க ஆரம்பிங்க" என்றேன், கண்ணை எடுக்காமல்.

மேளக்காரர் மேளத்தை நிறுத்திவிட்டார்.

"மாமன் அங்க நின்னா, மடி எங்கப்பா?"

பாயின் கேள்வி வண்டியூரிலிருந்து கிளம்பி, வைகையைத் தாண்டி, அந்த நொடியில்தான் என்னை வந்து சேர்ந்தது. *அப்ப நீங்க எங்க நிப்பீங்க?*

நிற்க முடியாது. உட்கார வேண்டும். மனையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. காது குத்துவது தாய்மாமன் மடியில். இது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். போன வருடம் குயிலிக்கு மொட்டை போட்டபோதும் என் மடிதான். அப்படியிருந்தும், இரண்டு மாதமாக லென்ஸ் தேர்ந்தெடுத்த மகானுபாவன், படம் எடுக்கப்படும் ஆளே தான்தான் என்பதை யோசிக்கவில்லை.

தேனு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தேனீப் பார்வை.

"ஒரு நிமிசம்!" என்று கத்திவிட்டுக் கலாவை இழுத்தேன். கேமராவை அவள் கழுத்தில் மாட்டினேன். அவளுக்கு வளையத்தைத் திருகத் தெரியாது, சொல்லித்தர நேரமில்லை. மனையிலிருந்து எட்டடி அளந்து, அந்தத் தூரத்துக்கு லென்ஸை நானே திருகிவைத்தேன். அவள் நிற்க வேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளம் வேண்டுமே? சீர்த்தட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தரையில் வைத்தேன்.

"இதோட ஒட்டி நில்லு. ஒரு சாண்கூட நகராத. ஆசாரி ஊசிய எடுத்ததும் அமுக்கு."

அடையாளத்துக்கு நான் வைத்தது ஓர் எலுமிச்சம்பழம். ஏற்கனவே குங்குமம் தடவியது.

மனையில் உட்கார்ந்தேன். குயிலி மடிக்கு வந்தாள், சந்தனமும் பால்மணமுமாக. தேனு பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பின்னால் மூன்றடியில், சாயங்காலப் பூசைக்கு நேர்ந்துவிட்ட கிடா வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். கலா கேமராவைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெரியம்மா ஒருவர் அப்போதுதான் கீழே குனிந்தார்.

"ஆத்தி! யாருடி இது, மந்திரிச்ச எலுமிச்சம்பழத்த புள்ள காதுகுத்துற எடத்துல போட்டது!"

குலசாமி கோயில் வாசலில், தரையில், குங்குமம் வைத்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்த கூட்டம் என்ன செய்யுமோ அதைச் செய்தது. அலறிக்கொண்டு விலகியது. பின்னால் இருந்தவர்கள் பழத்தைத் தாண்டிவிடாமல் பக்கவாட்டில் பாய, ஓரத்தில் இருந்தவர்கள் கலாவின்மேல் சாய, கலா மூன்றடி முன்னால் வந்து விழாத குறையாக நின்றாள். கையிலிருந்த கேமரா கிளிக் என்றது. ஊசி இடது காதில் இறங்கியது. குயிலி அலறினாள். நான் அவளைவிடச் சத்தமாக அலறினேன் என்று ஆசாரி பிற்பாடு பல ஊர்களில் சொல்லியிருக்கிறார்.

பிறகு பூசாரி வந்தார். தண்ணீர் தெளித்தார். பழத்தைக் காலால் தொடலாமா, குச்சியால் தள்ளலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. "யாரு வேலடா இது?" என்று பாண்டி மாப்பிள்ளையின் சித்தப்பா மீசையைத் தடவியபடி கூட்டத்தைச் சுற்றிவந்தார். "நாந்தான் வச்சேன், கலா நிக்கிறதுக்கு" என்றேன். நான் சொன்ன காரணம் யாருக்கும் விளங்கவில்லை. புருசன் பெண்டாட்டிக்கே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டான் என்ற அளவில் புரிந்துகொண்டு, எல்லாரும் கலாவை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

மணி பத்து இருபது.

குயிலி வலது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். மூன்று வயசுக் கை அது. ஆனால் ஆசாரி, பாண்டி மாப்பிள்ளை, தேனு மூவர் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை. மிட்டாய் காட்டினார்கள். மேளம் அடித்தார்கள். ஆட்டைக் காட்டினார்கள். அவள் உடம்பெல்லாம் வில்லாக வளைந்து அழுதாள்.

"நேரம் போச்சுன்னா ஒத்தக் காதோட வீட்டுக்குப் போகணும்" என்று யாரோ சொன்னார்கள். "அது ஆகாதே" என்று இன்னொருவர். தேனு முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டாள். ஒன்பது வருடம் என்னென்ன கேட்டவள். இனி 'ஒத்தக் காதுக்காரி அம்மா' என்றும் கேட்க வேண்டுமா? எல்லாம் என்னால்.

கலா கேமராவை என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க ஒங்க அம்மிக்கல்லு. எனக்குக் கழுத்து வலிக்குது."

அந்தக் கண்ணாடியில் வெயில் பட்டு ஒருதரம் மயில் திரும்பியது. எனக்குத் தெப்பக்குளம் ஞாபகம் வந்தது. லென்ஸைத் திருகி உருவினேன். கேமராவைக் கலாவிடமே விட்டுவிட்டு, குயிலியை மடியில் அணைத்தபடி, வலது கையை முழுசாக நீட்டி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"குயிலி, அங்க பாரு. அப்பா என்னா பண்றாக?"

தேம்பல் ஒன்று பாதியில் நின்றது.

"...அப்பா தலகீழா."

"அம்மா?"

"அம்மாவும் தலகீழா! மேளம் தலகீழா! மாமா, ஆடு?"

"இந்தா ஆடு." உடம்போடு சேர்த்துக் கையை மெல்லப் பின்பக்கம் திருப்பினேன். மரத்தடியில் நின்ற கிடா கண்ணாடிக்குள் வானத்தில் நடந்தது. குயிலி காதிலிருந்த கையை எடுத்தாள். அந்த விரலால் தலைகீழ் ஆட்டைத் தொடப் போனாள்.

ஆசாரி எத்தனையோ குழந்தைகளைப் பார்த்தவர். எனக்கே தெரியவில்லை, ஊசி போய், கம்பி வந்து, முடிச்சும் விழுந்துவிட்டது. அவள் ஒருகணம் "ஸ்" என்றாள். அப்புறம், "இன்னொருக்கா ஆட்டக் காட்டு மாமா" என்றாள்.

நான் அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இமைகள் நனைந்து நட்சத்திரமாக ஒட்டியிருந்தன. கன்னத்தில் ஒரு துளி உருளலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றது. வேப்பமரத்துப் பால்வெளிச்சம் முழுவதும் அவள் நெற்றியில் இறங்கியிருந்தது. இரண்டு காதிலும் புதுப்பொன். வாய் நிறைய வியப்பு. நான் இரண்டு மாதம் தேடிய உருவப்படம் என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. லென்ஸ் என் கையில். கண்ணில்லாத கேமரா கலா கழுத்தில். ஊர் மொத்தத்தின் கைபேசியும் வெற்றிலைத் தட்டில்.

மணி பத்து இருபத்தெட்டு.

சாப்பாடு முடிந்து பாயில் உட்கார்ந்து கேமராவைத் திறந்தோம். கலா எடுத்தது ஒரே படம். லென்ஸை எட்டடிக்கு வைத்திருந்தேன். அவள் மூன்றடி முன்னால் தள்ளப்பட்டதால், நாங்கள் எல்லாரும் கரைந்து, எங்களுக்கு மூன்றடி பின்னால் இருந்தது மட்டும் உயிர்பெற்றிருந்தது. கணக்கு துளியும் தப்பவில்லை. லென்ஸ் சொன்ன சொல் மாறாதது. ஆட்டின் அழகைப் பாண்டி மாப்பிள்ளைதான் முதலில் பாராட்டினார்.

தேனு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லண்ணே" என்றாள்.

தங்கைகள் சண்டை போட்டால் பதில் பேசலாம். "பரவால்லண்ணே"வுக்குப் பதில் கிடையாது. அந்த வெறும் ஆணியை என் நெஞ்சுக்குள் அடித்ததுபோல இருந்தது.

"என்னத்துக்கு இப்ப மூஞ்சியத் தொங்கப் போடுறீக?" தறிக்குரல். அத்தை இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தார். "நான் எடுத்துருக்கேன்ல. வீடியோவே எடுத்துருக்கேன். பூராம் இருக்கு. போடுங்கடா."

எல்லாரும் முண்டியடித்தோம். பாண்டி மாப்பிள்ளை அதைத் தட்டினார். திரையில் அத்தையின் முகம். அடுத்தும் அத்தையின் முகம். பதினைந்து நிமிடமும் அத்தையின் முகம்தான். முந்தின நாள் தறிக்காரரிடம் முகம்பார்த்துப் பேசியவர், கேமராவைத் தன் பக்கமிருந்து திருப்பாமலேயே எடுத்திருக்கிறார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. "ஏலே, நிறுத்துடா" என்று அத்தை கைபேசியைப் பறிக்கப் போனார்.

"இருங்க" என்றாள் தேனு.

படம் ஓடியது. எலுமிச்சம்பழக் கூச்சல் கேட்கிறது. அத்தை திரும்பக்கூட இல்லை, பார்வை ஒரே இடத்தில். குழந்தை அலறும் சத்தம். திரையில் அத்தையின் கண்கள் இறுக மூடுகின்றன. ஒத்தக் காது என்று யாரோ சொல்லும் குரல். அத்தையின் தாடை நடுங்குகிறது. உதடு மட்டும் அசைகிறது. ஊரையே எழுப்பும் அந்தக் குரலில் இவ்வளவு சன்னம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"எந் தங்கத்துக்கு வலிக்கப்புடாது சாமி. எங்கண்ணுக்கு வலிக்கப்புடாது. எனக்குக் குடுத்துரு சாமி, எனக்கு..."

அப்புறம் "மேளம் தலகீழா!" என்ற குயிலியின் சிரிப்பு. திரையில் அத்தையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து, கண்ணீரும் பல்லுமாக, குழந்தை முகமாகவே ஆகிவிடுகிறது. முகத்தில் வெளிச்சம் சரியில்லை. பாதி நெற்றி வெட்டுப்பட்டிருந்தது. அன்றைக்கு எடுத்ததில் உருவப்படம் என்றால் அதுதான்.

படம் நின்றதும் அத்தை கைபேசியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேனு மாமியாரின் முதுகையே பார்த்தாள். பிறகு வாயைத் திறக்காமல், மெதுவாக, "ம்" என்றாள்.

மூன்று வருடம் மடியில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மறுவாரம் அந்த ஆணியில் ஒரு படம் தொங்கியது. பாண்டி மாப்பிள்ளை குறும்புக்கு மாட்டிய ஆட்டுப் படம். (அதற்குள் அந்த ஆடு எங்கள் அனைவருக்குள்ளும் ஐக்கியமாகிவிட்டிருந்தது. "அருமையான ஆடு" என்று பார்த்தவரெல்லாம் சொன்னார்கள். படத்தையா, குழம்பையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.) நான் வண்டியூருக்குப் போய்ப் பாய் முன்னால் தலைகுனிந்து நின்றேன். "எண்பத்தஞ்சு இருக்கா?"

பாய் பெட்டியைத் திறந்துகொண்டே, "எங்க நிப்பீங்கன்னு கேட்டேன்ல சார்" என்றார்.

"மாத்திக் குடுக்க அந்தப் பெருசக் கொண்டுவரல. குயிலி தர மாட்டேங்குறா. அதோடதான் தூங்குறா."

"அப்ப அது சரியான எடத்துக்குத்தான் போயிருக்கு" என்று சொல்லி, ஊறுகாய் ஜாடி மூடியைத் துடைத்துத் தந்தார்.

அதை மாட்டிக்கொண்டு செல்லூர்க் கூடத்தில் மூன்றடித் தூரத்தில் உட்கார்ந்து எடுத்தேன். அத்தை மடியில் குயிலி. கையில் அம்மிக்கல். காதுகளில் புதுத் தோடு. பின்னால் தறியின் நூல், தண்ணீர்க்குடம், காலண்டர், எட்டிப் பார்க்கும் பாண்டி மாப்பிள்ளை, எல்லாமே அடையாளம் தெரிகிற அளவுக்கு இருந்தன. அத்தையே நாற்காலி போட்டு ஏறி, வரிசையில் அந்தப் படத்தை மாட்டினார். ஆட்டை இறக்கக் குயிலி விடவில்லை. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அடிக்க வேண்டியதாயிற்று.

குயிலிக்கு இப்போது எட்டு வயது. என்னை அவள் மாமா என்று மட்டும் கூப்பிடுவதில்லை, தலகீழ் மாமா. அந்த லென்ஸ் அவள் ஜன்னலில் இருக்கிறது. தெருவில் போகிற நூல் வண்டிகளையும் காய்கறிக்காரரையும் தலைகீழாக்கி வெள்ளைக் காகிதத்தில் விழவைத்து, பார்க்க வருகிற பிள்ளைகளிடம் ஆளுக்கொரு புளியங்காய் வசூலிக்கிறாள்.

போன மாதம் அவள் தம்பிக்குக் காதுகுத்து. ஆமாம், தம்பி. கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, விடிந்ததும் விடியாததுமாகப் போய், கோயில் வாசலில் நின்றபடியே, "நான் எங்க உக்காரணும்?" என்றுதான் முதலில் கேட்டேன். வாய்க்கால் கரை முழுக்கக் கேட்கும்படி அத்தையின் பதில் உள்ளிருந்து வந்தது.

"வாங்க தம்பி, பயப்படாம வாங்க! எலுமிச்சம்பழத்தையெல்லாம் எடுத்து உள்ள வச்சாச்சு!"